பாதாம்பால் வைத்தியம்

ஷோபனா பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மின்விசிறிக்கு நேர் கீழே விரித்துக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணேன்?" என்றான் பூபாலன்.

"ஒண்ணும் பண்ணல. பக்கத்துல படுத்தீங்க. அதான்."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்தில் படுப்பது ஒருநாள் குற்றமாகும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பெண்டாட்டிக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவுகட்டினான். பழைய நாட்களை மீட்டுக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கல்யாணமான புதுசில் அவளுக்குக் கரையான்சாவடிக் கடை பாதாம்பால் என்றால் உயிர். ஆவி பறக்க வாங்கி வந்து நீட்டினான். ஒரு வாய் குடித்தாள். கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"மே மாசத்துல இத தூக்கினு வந்து நிக்கிறீங்களே, எதுனா வேண்டுதலா?"

அடுத்து முகூர்த்தப் பட்டு. கெஞ்சிக் கட்ட வைத்தான். கொசுவம் செருகும் முன்பே உருவிப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். ஈரத்தலையோடு வெளியே வந்து அழுதாள். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல" என்றாள்.

மிச்சம் இருந்தது மின்சார ரயில்.

அப்போது கள்ளிக்குப்பத்து வீட்டில் இரண்டே அறை. அப்பா, அம்மா, தம்பி, தங்கை. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒட்டி நிற்க ஊரிலேயே ஒரு இடம்தான் இருந்தது. போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே சாயங்காலம் அம்பத்தூரில் ஏறுவார்கள். பட்டரவாக்கத்தில் கம்பெனி ஆட்கள் திமுதிமுவென்று ஏற, அவள் தலைப்பூ அவன் மோவாயில் உரசும். "இன்னும் கொஞ்சம் பேர் ஏறணும்" என்று அவன் சட்டைக்குள் சொல்வாள்.

இப்போதும் அதே ரயில், அதே கூட்டம், மல்லிகைப்பூ. பட்டரவாக்கத்தில் ஆட்கள் ஏறினார்கள். அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"தள்ளுங்க."

"எங்க தள்றது?"

"அப்ப குதிங்க."

"அண்ணாத்தே, அக்கா சொல்றத கேட்டுக்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வில்லிவாக்கத்தில் இறங்கி, நடைமேடைக் குழாயடியில் பூவோடு தலையை நீட்டினாள். திரும்பி வரும்போது வேறு பெட்டியில் ஏறினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் பூபாலன் மகளிர் மருத்துவர் கலைவாணியின் முன்னால் போய் உட்கார்ந்தான். ஒன்று விடாமல் சொன்னான்.

"என்னை உட்டுட்டுப் போயிடுவாளா டாக்டர்?"

"அவங்க வயசு என்ன?"

"நாப்பத்தாறு."

"மாதவிலக்கு நிக்கப்போற காலம். முழுசா நிக்க சில வருஷம் ஆகும். ஹார்மோன் ஏறி இறங்கும். திடீர்னு உடம்பு அனலா கொதிக்கும். தூக்கம் போகும், அழுகை வரும். வியாதி இல்ல. தாங்க முடியலைன்னா மருந்து இருக்கு. அவங்களுக்கு ஆகாதது சூடுதான், நீங்க இல்ல."

டாக்டர் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவனுக்கு நெஞ்சு லேசானது. பாவம், ஒன்றும் தெரியாமல் தவிக்கிறாள். பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வர வேண்டும்.

வெளியே டோக்கன் கொடுக்கும் தாயம்மாவிடம், "நாளைக்கு ஒரு டோக்கன் வேணும். கள்ளிக்குப்பம் ஷோபனா" என்றான்.

"அக்கா ஊட்டுக்காரரா? அது போன மாசமே வந்து மருந்து வாங்கினு போச்சே. இன்னிக்குக் காலைல மறுபடி வந்து, 'எங்க ஊட்டுக்காரரு பாதாம்பால், பட்டு, ரயிலுன்னு ஒரு மாதிரி ஆயிட்டாரு, ஆம்பளைங்களுக்கும் இது வருமா'ன்னு அழுதுட்டு, உன் பேர்லதான் நாளைக்கு டோக்கன் போட்டுட்டுப் போய்கீது."