காவ்யதர்ஷினிக்கு வரன் பார்த்த வாசிப்புக் குழு

மஞ்சக்காட்டூர் வட்டாரத்தில் வாசகர்கள் யார் யார் என்று வாசிப்பு மேம்பாட்டுக் குழு ஒருமுறை கணக்கெடுத்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வாசகர்கள் என ஏற்கப்பட்டனர். செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு உறங்கும் ஓய்வுபெற்ற அலுவலர்கள் மூத்த வாசகர்கள் ஆயினர். மின்விசிறிக்காக வருவோர்கூட வருங்கால வாசகர்கள் என்ற பிரிவில் கனிவுடன் சேர்க்கப்பட்டனர். காதல் நாவல் எடுத்துப்போகும் பெண்களை மட்டும் எந்தப் பிரிவிலும் சேர்க்கவில்லை. நூலகத்தை விட்டு வெளியே போகும் புத்தகங்களில் முக்கால்வாசி அவர்களுடைய காய்கறிப் பைகளில்தான் போகின்றன என்பது குழுவுக்குத் தெரியும். தெரிந்தே விடப்பட்டார்கள்.

அப்படி விடப்பட்டவர்களில் ஒருத்தி சௌந்தர்யா. இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கணவன் கதிர்வேல் நல்லவன் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. கல்யாணமான நாள் முதல் அவன் அவளிடம் எதற்கும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பே செய்யாதவன் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

முட்டை எடுத்து அட்டைகளில் அடுக்கி, லாரி வந்து ஏற்றிப்போகும்வரை கிடைக்கும் நேரத்தில் சௌந்தர்யா நாவல் படிப்பாள். பிடித்ததைப் பற்றிக் கைப்பேசியில் எழுதுவாள். அவளுடைய பக்கத்தின் பெயர் ‘முட்டை எடுத்த பின்’. அதில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தாள்:

“இந்த நாவலின் நாயகன் பாதிக் கதைவரை காரணமில்லாமல் கோபமாக இருக்கிறான். நாயகி எவ்வளவு அழுதாலும் அவள் மூக்கு ஒழுகுவதில்லை. கம்பெனி முதலாளிகள் யாரும் கம்பெனிக்குப் போவதில்லை. இதெல்லாம் எனக்கும் தெரிகிறது. ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவ்வளவு பெரிய மனிதன் அவள் முன்னால் வந்து நின்று, ‘தப்பு என்மேல்தான், என்னை மன்னித்துவிடு’ என்கிறான். அந்த ஒரு பக்கத்துக்காக மற்ற முந்நூறு பக்கங்களையும் நான் பொறுத்துக்கொள்கிறேன். வேறெங்கும் அது இரவல்கூடக் கிடைப்பதில்லை.”

இதை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்தனர். பெரும்பாலோர் பெண்கள். பலர் பதிலாக ஒன்றும் எழுதாமல் ஒரு சிவப்பு இதயத்தை மட்டும் விட்டுச் சென்றனர்.

அந்தச் சமயத்தில்தான் வாசிப்பு நாகரிகமாகிவிட்டிருந்தது. புத்தகத்தையும் காபி டம்ளரையும் அருகருகே வைத்துப் படம் எடுத்துப் போடாதவர்கள் படிப்பறிவற்றவர்களாகக் கருதப்பட்டனர். குழுவின் தலைவர் மருதாசலமும் அவ்வாறே படம் போட்டிருந்தார். ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். இரண்டு போர்வெல் வண்டிகளுக்கு உரிமையாளர். படத்தில் அவர் கையிலிருந்த தடித்த நூலின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அறிவின்மேல் தூசு படியக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஆயினும் குழுவின் பக்கத்தைக் குழுவினர் மட்டுமே பார்த்தார்கள். மாவட்டத்தில் மிகுதியானோர் பார்க்கும் புத்தகப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரியுடையது என்ற செய்தி அவரை எட்டியதும், சௌந்தர்யாவை நூலகத்துக்கு வரவழைத்தார்.

“அம்மிணி, உங்கள மாவட்ட வாசிப்புத் தூதுவரா போடலாம்னு இருக்கறோம்” என்றார். “ஆனா ஒரு சிக்கலு. நீங்க எழுதறது பூரா காதல் நாவலு. நாளைக்கு ஒரு புள்ள ஓடிப்போச்சுன்னா, நூலகத்துப் புஸ்தகம் படிச்சுத்தான் போச்சும்பாங்க. அதனால இந்த ரெண்டு அலமாரியவும் எடுத்துப்போடலாம்னு போன மீட்டிங்குல பேசியிருக்கறோம்.”

“ஏனுங்கய்யா, நான் இங்க வாரதே அந்த ரெண்டு அலமாரிக்குத்தானுங்க. அத எடுத்துட்டு என்னையத் தூதுவரா போட்டா, எதுக்குங்க தூது போறது?”

நூலகர் நிஜாமுதீன் சேலத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். “அலமாரி போயிட்டா எனக்கும் வேல இல்ல சார், பூட்டிட்டு ஊட்டுக்குப் போயிடலாம்” என்று அவர் பங்குக்குச் சொன்னார்.

மருதாசலம் யோசித்தார். முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவர் யோசித்தால் இரண்டு பக்கமும் சாயாத முடிவு ஒன்று எப்படியும் பிறந்துவிடும். பிறந்தது.

“காதலு தப்பில்லீங்க. பொருத்தமில்லாத காதலுதான் தப்பு. பத்துப் பொருத்தமும் பாப்போம். பொருந்துற ஜோடி அலமாரில இருக்கட்டும். பொருந்தாதது எடைக்குப் போவட்டும்.”

இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொருத்தம் பார்க்கக் கல்யாணத் தரகர் சிவக்குமார் அழைக்கப்பட்டார். பஞ்சாங்கமும் கையுமாக வந்து, நாளிதழ் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாவலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

“பையன் பேரு?”

“ரிஷிவரதன்” என்றாள் சௌந்தர்யா.

“ரி… சித்திர நட்சத்திரம். புள்ள?”

“காவ்யதர்ஷினி.”

“கா… மிருகசீரிஷம்.” விரல் விட்டு எண்ணிய சிவக்குமார் நாவலை மெதுவாகத் தள்ளி வைத்தார். “ரெண்டும் ஒரே ரஜ்ஜு. அதுவும் சிரசு ரஜ்ஜு. வேண்டாமுங்க. பையன் உசுருக்கு ஆபத்து.”

“அவருக்குக் கடைசில ரெட்டக் கொழந்த பொறக்குதுங்க” என்றாள் சௌந்தர்யா.

“அது எழுதுனவங்க அவசரப்பட்டுட்டாங்க.”

அன்று மாலைக்குள் ஒரு அலமாரி எடைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. மூன்று நாயகர்களுக்கு ஆயுள் குறைவு. ஒரு நாயகிக்கு மாமியார் ஆகாது. மிஞ்சியவற்றில், நாயகியைக் கன்னத்தில் அறைபவனும், அவளை அறையில் பூட்டி வைப்பவனும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் பெற்று உத்தமம் எனச் சான்று பெற்றார்கள்.

“பேரு நட்சத்திரம் அவ்வளவு பலம் இல்லீங்க” என்று சிவக்குமாரே ஒரு வழி விட்டார். “பொறந்த நட்சத்திரம் தெரிஞ்சா மாத்திப் பாக்கலாம். அப்பறம் முக்கியமா, ரெண்டு பேரும் எந்தக் கூட்டம், என்ன குலம்? ஒரே கூட்டமா இருந்தா அண்ணன் தங்கச்சி மொறையாயிரும். அப்பிடிப்பட்ட புஸ்தகத்தத் தொடவே கூடாது.”

எல்லாரும் நிஜாமுதீனைப் பார்த்தார்கள்.

“என்னையப் பாக்காதீங்க. எங்கள்ல கூட்டம் கெடையாது. அந்தக் காலத்துலயே பேப்பர் வேல கொறைச்சுட்டாங்க.”

பிறகு எல்லாரும் சௌந்தர்யாவைப் பார்த்தார்கள். நாவல்களை முழுக்கப் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். ரிஷிவரதன் பிறந்த நேரத்தையோ காவ்யதர்ஷினியின் குலதெய்வத்தையோ எழுத்தாளர் எங்கும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் அலமாரி போய்விடும் என்பதும் தெரியும்.

“பையன் பொறந்தது பரணிங்க” என்றாள். “கூட்டமும் வேற வேறதானுங்க.”

“புள்ள குடும்பப் பாங்குங்களா?” என்று மருதாசலம் கேட்டார்.

நாவலில் காவ்யதர்ஷினி விமான நிறுவனம் நடத்துகிறாள். சௌந்தர்யா அலமாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “ரொம்பப் பாங்குங்க. எம்.டெக். படிச்சிருந்தாலும், தோட்டத்துல இருந்துக்கறேன்னு சொல்ற புள்ளைங்க.”

அன்று தொடங்கி, நூலகத்தின் நாயகியர் அனைவரும் நல்ல நட்சத்திரத்தில் பிறந்தார்கள். எல்லாரும் தோட்டத்தில் இருந்துகொள்ளச் சம்மதித்தார்கள். அலமாரிகள் தப்பின.

குழு இதோடு நின்றிருந்தால் கேடில்லை. ஆனால் வாசிப்பு என்றால் பகிர வேண்டும் என்று மருதாசலம் எங்கோ கேட்டிருந்தார். சான்று பெற்ற நாயகியரைப் பற்றி, மஞ்சள் குங்குமப் பின்னணியில், குழுவின் பக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு அட்டை வெளியிடப்பட்டது. ‘காவ்யதர்ஷினி. மிருகசீரிஷம். எம்.டெக். ஒரே பெண். தோட்டத்தில் இருக்கச் சம்மதம். நேரில் காண நூலகத்தை அணுகவும்.’ புத்தகத்தின் பெயருக்கு இடம் போதவில்லை.

அந்த வட்டாரத்துத் தோட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் முப்பத்தைந்து தாண்டியும் பெண் கிடைக்காத பையன்கள் எத்தனை பேர் என்பதைக் குழு கணக்கெடுத்திருக்கவில்லை. மறுவாரம் நூலக வாசலில் கார்கள் நின்றன. முதலில் இறங்கியவர் எடப்பாடியிலிருந்து வந்த பாப்பாயி. தட்டில் தேங்காய் பழம் வைத்திருந்தார்.

“ஏஞ்சாமி, காவ்யதர்ஷினி ஊடு எங்கீங்க?”

“நூறாம் பக்கம் வரைக்கும் கோயமுத்தூருங்கம்மா” என்றார் நிஜாமுதீன். “அப்பறம் லண்டன் போயிடறாங்க.”

“லண்டனா? தோட்டத்துல இருக்கறேன்னு போட்டிருந்துச்சே?”

“அது இங்க பொருத்தம் பாக்கையில சொன்னதும்மா.”

“போயிட்டுப் போவுது, வரச் சொல்லுங்க. எம் பையனுக்கு ரெண்டு தறி ஷெட்டு. முப்பத்தெட்டுதான் ஆவுது. பொண்ணு கட்டுன சேலையோட வந்தாப் போதும்.”

புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. பாப்பாயி எடுத்துப்போனார். அவரைப் போல் எடுத்துப்போன அம்மாக்களால் நூலகத்தின் இரவல் எண்ணிக்கை வரலாறு காணாத உயரத்தை அடைந்தது. மருதாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அடுத்த வாரம் அம்மாக்கள் திரும்பி வந்தார்கள்.

“ஏனுங்க, இது நாயமா?” பாப்பாயி நாவலை மேசைமேல் போட்டார். “கண்ணாலம் ஆன புள்ளயப் போட்டு எங்கள வரச் சொல்லியிருக்கறீங்க! கடைசில அந்த ரிஷிப் பையனக் கட்டிக்குது. கொழந்த வேற!”

“எல்லாப் புஸ்தகத்துலயும் இதே மோசடிதானுங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

குழு அவசரமாகக் கூடியது. புகாரில் உண்மை இருப்பதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மணமானவர்களை மணமாகாதவர்கள் போல் காட்டியது தவறுதான். ஆகவே, நாயகியரின் திருமணத்தை நிறுத்திவைக்கும் பொருட்டு, எல்லா நாவல்களின் கடைசி அத்தியாயங்களையும் உடனடியாகக் கழற்றிக் குழுவின் பாதுகாப்பில் வைக்க உத்தரவிடப்பட்டது. குத்தூசியும் கத்தியும் வந்தன.

சௌந்தர்யா அன்று நூலகத்தில்தான் இருந்தாள். கழற்றிய பக்கங்களைச் சணலால் கட்டி அலுவலக அறைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள்.

“ஐயா, அதுலதானுங்க அவங்க மன்னிப்புக் கேக்கறாங்க.”

“யாரு?”

“பையனுங்க.”

“பெருசா என்ன தப்புப் பண்ணிட்டானுங்க, மன்னிப்புக் கேக்க?” என்று மருதாசலம் உண்மையாகவே வியந்தார். “அது இல்லாட்டியும் கத நல்லாத்தான இருக்குது.”

அவள் வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் தன் பக்கத்தில் எழுதினாள். இருபதாயிரம் பேரும் குழுவுக்கு எழுதுவார்கள் என்று நம்பினாள். ஆயிரக்கணக்கில் இதயங்கள் வந்தன. அழுகிற முகங்கள் வந்தன. அவற்றுக்கிடையே, அவளுடைய எழுத்தைத் தொடக்கத்திலிருந்து படித்துவரும் ஒரு வாசகியின் கேள்வியும் வந்தது: ‘அக்கா, காவ்யதர்ஷினி மாதிரி நிஜமாவே யாராச்சும் இருக்காங்களா? என் தம்பிக்குப் பார்க்கிறோம்.’ அதற்குக் கீழே இன்னும் பலர், தத்தம் தம்பிகளின் நட்சத்திரங்களோடு.

மறுநாள் மருதாசலம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கோபமாக இல்லை.

“அம்மிணி, நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன். நாயகி தேவைப்படறது நெசத்துல புள்ள கெடைக்காததுனாலதான். உங்க பக்கத்துல இருக்கறதெல்லாம் பொண்ணுங்க. ஒரு பையனுக்கு நீங்க ஒரு புள்ளயப் பாத்து முடிச்சுக் குடுங்க. நாங்க ஒரு புஸ்தகத்துக் கடைசி அத்தியாயத்த ஒட்டித் தாரோம். ஒரு கண்ணாலத்துக்கு ஒண்ணு.”

இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்த அலுவலகத்திலும் அவள் கேட்டதில்லை.

முதலில் பாப்பாயியின் மகனுக்குப் பார்த்தாள். ஜேடர்பாளையத்தில் கனிஷ்கா என்றொரு பெண்; பி.எட். இரண்டாம் வருடம், சௌந்தர்யாவின் பக்கத்தை விடாமல் படிப்பவள். சிவக்குமார் பார்த்ததில் எட்டுப் பொருத்தம். கூட்டம் வேறு. பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கனிஷ்கா அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கேட்டாள்.

“அக்கா, அவரு எப்படிப்பட்டவருங்க்கா?”

சௌந்தர்யாவுக்கு அலுவலக அறையில் கட்டிக் கிடக்கும் பக்கங்கள் நினைவுக்கு வந்தன.

“ரெண்டு தறி ஷெட்டு இருக்குது கண்ணு” என்றாள்.

கல்யாணத்துக்கு மறுநாள், நிஜாமுதீன் பசை காய்ச்சி, சொன்ன சொல் தவறாமல், காவ்யதர்ஷினியின் கடைசி அத்தியாயத்தை ஒட்டிக் கொடுத்தார்.

இரண்டு வருடத்தில் இரண்டு அலமாரியும் முழுமையடைந்தன. எல்லா நாயகர்களும் அவரவர் புத்தகத்தில் மீண்டும் மன்னிப்புக் கேட்கிறார்கள். நூலகத்தின் முன்பகுதி இப்போது வாசிப்பு மற்றும் வரன் மையமாக இயங்குகிறது. அதன் கௌரவப் பொறுப்பாளர் சௌந்தர்யா. கதிர்வேலுக்கு இதில் பெருமை. அவளுடைய பக்கத்தில் இப்போது ஜோடிகளின் படங்கள் வருகின்றன, பார்ப்பவர்கள் மும்மடங்காகிவிட்டார்கள். நாவல் படிக்க அவளுக்கு நேரமில்லை. பையனைப் பிடித்திருக்கிறதா என்று பெண்ணிடம் கேட்கும் வழக்கம் அந்த மையத்தில் இல்லை. அவளும் கேட்பதில்லை.