பட்லர் போட்ட ராஜா வேஷம்

நடனத்தையும் வசனத்தையும் தனித்தனித் தட்டில் பரிமாறிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான்: எங்கள் மர்பி டவுன் பட்லர். அவரை நினைத்தாலே இன்றும் எனக்கு முழங்கால் வலிக்கிறது.

ஐம்பதுகளில், கண்டோன்மென்ட்டின் பங்களாப் பகுதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டில் அவருக்கு வேலை. வட ஆற்காட்டுப் பக்கம் விடிய விடிய ஆடும் கூத்துக் கதை ஒன்றை, நாடிழந்து காட்டுக்குப் போகும் ராஜாவின் கதையை, இரண்டு மணி நேர நாடகமாகச் சுருக்கினார். ராஜா அவர். மற்ற வேஷமெல்லாம் மில் தொழிலாளிகளான நாங்கள். எட்டு மணி நேரம் தறியோடு மாரடித்துவிட்டு வந்து, அப்புறம் இவரோடு மாரடிக்க வேண்டும்.

கூத்தில் பேசிக்கொண்டே ஆடுவார்கள். பட்லர் அதற்கு ஒப்பவில்லை.

"சூப்பையும் புட்டிங்கையும் ஒரே பிளேட்டுல ஊத்துவாங்களாடா? ஒரு தட்டு தட்டுனா வசனம். கை கால் அசையக் கூடாது. ரெண்டு தட்டுனா டான்ஸு. வாய் அசையக் கூடாது."

மந்திரி வேஷத்தோடு, தகரத் தட்டைத் தட்டும் பொறுப்பும் எனக்கு. ஒருநாள் ஒத்திகையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்ததைத் தட்டாமல் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். ராணி வேஷக்கார லோகநாதன் தூக்கிய காலை இறக்காமல் கால் மணி நேரம் நின்றான். மறுநாள் அவன் மில்லுக்கு லீவு.

"பேஜாரா கீதுண்ணா. பேசிக்கினே ஆடிட்டுப் போலாமே" என்றேன்.

பட்லர் குரலைத் தாழ்த்தினார். "மேடம் அடுத்த மாசம் கப்பலேறுறாங்கடா. இருபது வருசமா அவங்க சேருக்குப் பின்னாலயே நின்னுட்டேன். ஒரு வாட்டி அவங்க உக்காந்துகினு என்னை நேரா பாக்கணும். அவங்களுக்குத் தமிழ் வராது. டான்ஸு அவங்களுக்கு, வசனம் நம்ம ஜனத்துக்கு."

மறுநாளிலிருந்து கண்ணயராமல் தட்டைத் தட்டினேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல், பள்ளிக்கூட ஹாலில் நாடகம். முதல் வரிசையில் துரைசாணி. பெரிய மனுஷி வருகிறாள், தகரத் தட்டு வேண்டாம் என்று, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை மணியையே கேட்டு வாங்கி வந்திருந்தார் பட்லர். அங்கேதான் வந்தது வினை.

திரை விலகியது. சிம்மாசனத்தில் ராஜா. நான் மணியை ஒருமுறை ஆட்டினேன்.

"யெஸ், மேடம்!"

ராஜா துள்ளி எழுந்தார். மேடையை விட்டு இறங்கி ஓடி, துரைசாணியின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். தலையில் மகுடம் வேறு.

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. எங்கே நிற்கிறோம் என்று உறைத்ததும் பட்லரின் முகம் செத்துப்போயிற்று. மணியைத் தூரப் போட்டேன்.

"மகாராஜா, மேல வர வாணாம்! நின்ன எடத்துலயே ஆடுங்க!" என்று கத்தினேன்.

துரைசாணி எழுந்தாள். தன் நாற்காலியைத் தானே தூக்கித் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பட்லர் ஆடினார். ஆடிக்கொண்டே பேசினார். சூப்பும் புட்டிங்கும் ஒரே தட்டில் விழுந்தன, அவர் கவனிக்கவில்லை. காட்டுக்குக் கிளம்பும் ராஜா தன் ஜனங்களிடம் விடைபெற்றபோது, சிரித்தவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

கப்பலேறக் கிளம்பும்போது அந்த மணியைத் துரைசாணி அவருக்கே கொடுத்துவிட்டாள். அவர் அதை என் கையில் திணித்தார். "நீயே வெச்சுக்கடா. எனக்கு வாணாம்."

பட்லர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மணி மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. பேத்தி அதை ஆட்டப் போனால், இந்த முழங்காலோடு ஓடிப்போய் அதன் நாக்கைப் பிடித்துக்கொள்கிறேன். மனிதர் எங்கே இருந்தாலும் உட்கார்ந்தே இருக்கட்டும்.