குணங்களுக்குப் பட்டா

கல் மட்டுமே விளையும் ஒரு நாடு இருந்தது. அரிசியும் பருப்பும் வெளியிலிருந்து வந்தன. இங்கிருந்து கல் போனது. அரண்மனையில் இருந்தவர்களைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் கல் உடைத்தார்கள்.

அங்கே மூன்று மதங்கள் இருந்தன. விளக்கைக் கும்பிடுகிறவர்கள் விளக்கார். ஊற்றைக் கும்பிடுகிறவர்கள் ஊற்றார். உருவம் ஏதும் இல்லாமல் மேலே பார்த்துக் கும்பிடுகிறவர்கள் வானத்தார். பண்டிகை வேறு, பாட்டு வேறு, பிணத்தை அனுப்புகிற விதம் வேறு. குவாரிக்குள் இறங்கிவிட்டால் மட்டும் எல்லோர் மேலும் ஒரே வெள்ளைத் தூசி. யார் என்ன மதம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் வருகிறவர் சம்மட்டியால் பாறையைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் வேலை நடக்கும். பொத்தென்றால் 'பொக்கை!' என்று கத்துவார். கீழே இருக்கிற எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் வருகிறவன் விளக்காரில் ஒருவனான சேமன். அவன் குரலை நம்பித்தான் அந்த ஊரில் அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

குவாரி விளிம்பில் பள்ளிக்கூடம். ஆசிரியை செவந்தி கல் உடைத்துப் படித்தவள். அவள் கரும்பலகையில் எழுதினால் சுண்ணக்கட்டி நொறுங்கும், பலகையில் கீறல் விழும். ஒருநாள் மதங்களை ஒப்பிடும் பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்த பத்தி அவளுக்கே புரியவில்லை. மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கேட்டாள்.

"உங்க உங்க சாமி எதுக்கெல்லாம் திட்டும்? அதச் சொல்லுங்க."

பலகையில் மூன்று கட்டம் போட்டாள். சேமனின் மகன் சங்கிலி முதலில் எழுந்தான்.

"பொய் சொன்னா வெளக்கு அணைஞ்சிரும் டீச்சர்."

ஊற்றார் வீட்டு நீலா விடவில்லை. "எங்களுக்கும் பொய்தான். ஊத்து வத்திரும்."

"எங்க சாமி மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கும். எங்கிட்டு ஓடுறது?" என்றது ஒரு வானத்தார் குழந்தை.

விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போனால் மூன்று சாமியும் திட்டின. ஒளித்து வைத்துத் தின்றாலும் திட்டின. கட்டங்கள் நிரம்ப நிரம்பச் சங்கிலியின் முகம் சிவந்தது.

"டீச்சர்! இவ எங்க சாமியப் பாத்து காப்பி அடிச்சிட்டா!"

"போடா! எங்க ஊத்து உங்க வெளக்குக்கு முன்னாடியே இருக்கு. நீதான் அடிச்ச!"

வகுப்பே சிரித்தது. செவந்தியும் சிரித்தாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த கல்வி மேற்பார்வையாளர் பரிபூரணம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நேரே அரண்மனைக்குப் போனார்.

"அரசே, ஒரே சொத்து மூன்று தரப்பின் அனுபவத்தில் இருக்கிறது. ஒருவரிடமும் பட்டா இல்லை."

"என்ன சொத்து?"

"நற்குணம், அரசே."

அரசர் திடுக்கிட்டார். "என் நாட்டில் நற்குணம் புறம்போக்காகவா கிடக்கிறது?"

"ஆம் அரசே. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து நல்லவராகிவிடுகிறார்கள்."

நற்குண அளவைத் துறை அன்றே தொடங்கப்பட்டது. பரிபூரணம் அதன் ஆணையர் ஆனார். மூன்று மதத் தலைவர்களும் பட்டா வாங்க ஆணையர் அலுவலகத்துக்கு ஓடினார்கள். நெரிசலில் கதவு பெயர்ந்தது. கடைசியில் இரக்கம் விளக்காருக்கு எழுதப்பட்டது. உண்மை ஊற்றாருக்கு. பகிர்ந்து உண்பது வானத்தாருக்கு. அடுத்தவர் குணத்தில் நுழைகிறவர் ஆக்கிரமிப்பாளர், அவருக்குச் சிறை.

வானத்தார் மளிகைக்கடையில் எடை குறைந்தது. கேட்டால் கடைக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். "தராசு சரியா நிக்கணும்னா ஊத்தார் கடைக்குப் போம்மா. உண்மை எங்க பேர்ல இல்ல. வேணும்னா ரெண்டு வெல்லம் கொசுறு வாங்கிக்க, அது எங்க பட்டா." ஊற்றார் வைத்தியர் நோயாளியிடம் "பிழைக்க மாட்டாய்" என்று உண்மையைச் சொன்னார், ஆறுதலுக்கு விளக்கார் தெருவைக் கைகாட்டினார்.

குழப்பம் மிகுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவதுதான் காரணம் என்று அளவைத் துறை கண்டறிந்தது. வகுப்பில் தட்டி கட்டி மூன்றாகப் பிரித்தார்கள். பலகையிலுள்ள கட்டங்களை அழிக்கும்படி பரிபூரணம் உத்தரவிட்டார்.

"அழிச்சுட்டேங்க. போக மாட்டேங்குது."

"ஏன் போகவில்லை?"

"கை கொஞ்சம் முரட்டுக் கைங்க. கீறல் விழுந்திருச்சு."

அதற்குள் விளக்கார் பெண் ஒருத்தி, உண்மைக்குப் பட்டா இல்லாமல், குவாரிக் குத்தகைதாரரின் கணக்கு பொய் என்று சொல்லிச் சிறைக்குப் போயிருந்தாள். குவாரியில் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் சேமன் பாறையைத் தட்டினான். பொத்தென்றது. வாயைத் திறந்தான், காவலன் திரும்பிப் பார்த்தான். இரக்கம் விளக்கார் பேரில் இருந்தது, ஆகவே சேமன் அழுதான். உண்மை அவர்கள் பேரில் இல்லை, ஆகவே எதற்கு அழுகிறான் என்று சொல்லவில்லை. சும்மா அழவும் இல்லை. குவாரி விளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு சட்டபூர்வமாக யாரும் எச்சரித்ததில்லை. கீழே இருந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள், உளியைப் போட்டுவிட்டு ஏறினார்கள்.

நீலாவின் தகப்பன் காடன் பாறை முகத்தைப் பார்த்துக் குனிந்து துளை போட்டுக்கொண்டிருந்தான். சேமனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பாறை விழுந்தது.

பள்ளிக்கூடத்துச் சுவர் அதிர்ந்தது. நீலா தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே சங்கிலி, பிறகு எல்லாப் பிள்ளைகளும். செவந்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையோடு பள்ளத்தில் இறங்கினாள். கல் குவியலுக்கு அடியிலிருந்து முனகல் கேட்டது.

"அப்பா!"

"உசுரு இருக்கு. போடு, இந்தப் பக்கம் போடு!" என்று சேமன் கடப்பாரையைச் சொருகி நெம்பினான். ஏறி ஓடியவர்கள் எல்லோரும் திரும்பி இறங்கியிருந்தார்கள்.

பரிபூரணம் குடை பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்கள்! கீழே கிடப்பவர் ஊற்றார். இங்கே இரக்கம் காட்ட விளக்காருக்கு மட்டுமே உரிமை. மற்றவர்கள் விலகுங்கள்."

விளக்கார் மட்டும் தூக்கினால் அந்தக் கல் அசையாது. நீலா செவந்தியின் முகத்தையே பார்த்தாள். செவந்தி கடப்பாரையை விடவில்லை, நிமிரவும் இல்லை.

"யாருங்க எரக்கம் காட்டுறது? கல்லு தூக்குறோம். அது எங்க வேலை."

"ஆமா சார், வேல நேரம்" என்றார் ஒரு வானத்தார் கிழவர். "சும்மா நின்னா கூலியப் பிடிச்சுருவீங்க."

பரிபூரணம் சட்டத்தைப் புரட்டினார். இரக்கம் இருந்தது, உண்மை இருந்தது, அடக்கம், பொறுமை, பக்தி எல்லாம் அளக்கப்பட்டிருந்தன. கல் தூக்குவதை ஒருவரும் அளக்கவில்லை. அது நற்குணம் என்று அரண்மனையில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ஐலசா" என்று ஒரு குரல் எழுந்தது. எந்த மதத்துக் குரல் என்று தூசியில் தெரியவில்லை. கல் அசைந்தது. காடனை இழுத்தார்கள். கால் ஒடிந்திருந்தது, மூச்சு இருந்தது. வேறொரு விளக்கார் பெண் அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

"பகிர்வு! அது வானத்தார் பட்டா!"

"குடுக்கலீங்க. கை தவறி வாயில ஊத்திருச்சு."

காடன் கண்ணைத் திறந்து சேமனைப் பார்த்தான். "ஏண்டா, பொக்கைன்னு ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"அழுதேனேடா! நீ திரும்பிப் பாக்கலயே!" என்று சேமன் மறுபடியும் அழுதான். இந்த முறை அது பட்டாவுக்கு உட்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

செய்தி கேட்டு அரசர் கொதித்தார். உழைப்பையும் உடனே அளந்து, விரும்புகிற தரப்புக்குப் பட்டா வழங்கும்படி ஆணை பிறந்தது. பறை அறைந்தார்கள். மூன்று மதத் தலைவர்களுக்கும் ஆள் போனது. பரிபூரணம் புதுக் கதவு போட்ட அலுவலகத்தில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். இரக்கத்துக்கும் உண்மைக்கும் அடித்துப்பிடித்து வந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைசியில் அவரே பேனாவை எடுத்து, உழைப்புக்கு எதிரே 'புறம்போக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செவந்தி வகுப்பைக் குவாரிக்குள் அழைத்துப் போனாள். உழைப்பு புறம்போக்கு ஆகிவிட்டதால் அங்கே தட்டி கட்டச் சட்டத்தில் இடமில்லை. விழுந்த பாறையின் முகத்தில் மூன்று கட்டம் போட்டாள்.

"அன்னைக்கு உங்க உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க? அதச் சொல்லுங்க."

பிள்ளைகள் சொன்னார்கள். மூன்று கட்டத்திலும் கல் தூக்கினது என்றே வந்தது. நீலா தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"டீச்சர், மூணும் ஒண்ணாவே இருக்கு. காப்பியா?"

"காப்பிதான்" என்றாள் செவந்தி. "நல்லாப் பாத்து அடிங்க."