பொய்லர் அண்ணையின் துவக்கும் ஒரு சுருள் வெள்ளை டேப்பும்

லண்டனில் வீட்டைச் சூடாக்கும் பொய்லர் திருத்துகிற தமிழர்கள் எத்தனையோ பேர். ஆனால் உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாமே ஏதோ ஒரு வகைக் குழாய்தான் என்று நம்பி வாழ்ந்தவர் ஒருவர்தான். இரண்டாயிரங்களின் நடுவில் ஸ்ட்ரெதத்தில் அவர் வீட்டு மேல்மாடி அறையில் நாலு வருடம் வாடகைக்கு இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அவர் பொய்லர் அண்ணை. அவருடைய மனைவிகூட ஆட்களிடம் பேசும்போது அப்படித்தான் சொல்லுவார்.

குழாய்களைப் பொருத்தும்போது தண்ணீர் ஒழுகாமல் இருக்கத் திருகுப் புரியில் சுற்றுவார்களே ஒரு மெல்லிய வெள்ளை டேப், அதுதான் அண்ணையின் கைமருந்து. புரிக்குள் இருந்தால்தான் அதற்குப் பலம். வெளியே சும்மா இழுத்தால் பச்சைக் குழந்தைகூட அறுத்துவிடும். அண்ணை அதைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார். எதைத் திருகினாலும் ஏழு சுற்று.

"தங்கச்சி, ஒழுகினாப் பிறகு ஓடித் திரியிறதைவிட, ஒழுக முந்தியே சுத்திறது நல்லம்" என்பார்.

ஒரு நவராத்திரிக்குக் குத்துவிளக்கைப் பொருத்தித் தந்தார். அடுக்கடுக்காகத் திருகுகிற பித்தளை விளக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஏழு சுற்று. எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதற்குப் பிறகு அந்த விளக்கை மினுக்குவதற்குக் கழற்ற எவராலும் முடியவில்லை. இன்னொரு நாள் புட்டுக் குழலும் பானையும் சேருகிற இடத்தில் ஆவி வீணாய்ப் போகிறது என்று கண்டுபிடித்தார். சுற்றினார். பத்து நிமிடத்தில் புட்டு குழலை விட்டுக் கிளம்பி முகட்டில் போய் ஒட்டியது. பவளக்கா, அதாவது அவருடைய மனைவி, கதிரையில் ஏறி அதைச் சுரண்டினார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

ஒரு தேவாலய மண்டபத்துக்குப் பொய்லர் திருத்தப் போனார். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் வயதான வெள்ளைக்காரர்கள் ஒரு கிளப்பாகக் கூடித் தேநீர் குடித்துக் காகிதத்தில் குறிபார்த்துச் சுடுவார்களாம். தண்ணீர் சூடாகிற நேரத்தில் ஒரு கிழவர் இவர் கையிலும் துவக்கைக் கொடுத்திருக்கிறார். ஐந்து குண்டில் மூன்று நடுவில். "நல்ல கண் உனக்கு" என்றாராம் கிழவர். இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து அண்ணையை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை.

"தங்கச்சி, ஊரிலை சண்டை நேரம் துவக்கைக் கண்டால் நான் ஓடுறது. இஞ்சை வர முந்திப் பாரிசிலை இருக்கேக்கை பொலிசின்ரை துவக்கைக் கண்டாலும் ஓடினனான். ஒருக்கால் மற்றப் பக்கம் நிண்டு பாத்தன். நல்லாத்தான் இருக்கு."

அடுத்த மாதமே கடையில் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். லைசன்ஸ் தேவையில்லாத சின்ன ரகம். பின்வளவில் செங்கல் மதிலோடு ஒரு மரப்பெட்டியை வைத்து, அதற்குள் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் திணித்தார். அந்தப் பத்திரிகைகளில் நான் எழுதிவந்த பத்தியின் பக்கங்களும் அதற்குள் இருந்தன. என் எழுத்தில் ஏதாவது பட்டது என்றால் அது அங்கேதான்.

ஒரு சனிக்கிழமை முதல் வெடி. அப்படி ஒன்றும் பெரிய சத்தம் இல்லை. தடித்த புத்தகத்தை மேசையில் போட்டதுபோல இருந்தது. நான் குசினிக்குள் வந்தபோது அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. தோசை பாதி வெந்து கிடந்தது. பவளக்கா மேசைக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணை உள்ளே வந்து அதைப் பார்த்தார்.

பவளக்கா எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு ஆசையெண்டால் வைச்சிருங்கோ. ஆனால் இந்தச் சத்தம் இன்னொருக்கால் கேட்டால், நான் ஃபாரஸ்ட் கேட்டிலை இருக்கிற என்ரை தங்கச்சியிட்டைப் போறன். திரும்பி வரமாட்டன்."

அன்றைக்கே ஒரு பயணப்பையில் உடுப்புகளை அடுக்கி வாசலில், தொங்குகிற கோட்டுகளுக்குக் கீழே வைத்துவிட்டார். அவர் சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை; சொன்னால் செய்வார்.

வேறொருவர் என்றால் துவக்கை விற்றிருப்பார். அண்ணை சைலன்சர் வாங்கினார். அடுத்த ஞாயிறு குசினி மேசையில் துணி விரித்து, குண்டு இல்லை என்று இரண்டுதரம் பார்த்து, துவக்கின் வாயில் இருந்த இரும்பு மூடியைக் கழற்றினார். உள்ளே அழகான புரி. "கையாலை இறுக்கினால் காணும், குறடு வேண்டாம், நேராய் நிக்குதோ எண்டு மட்டும் பார்" என்று கிளப் கிழவர் சொல்லி அனுப்பியிருந்தாராம். அண்ணையின் கை காற்சட்டைப் பைக்குள் போனது.

"அண்ணை, துவக்குக்குள்ளை தண்ணி இல்லையே" என்றேன்.

"காத்து இருக்குத்தானே. காத்துத் தண்ணியை விடக் கள்ளன்."

ஏழு சுற்று. பிறகு சைலன்சரை வைத்துக் குழாய்க் குறடால் ஒரு இறுக்கு. அது காது கேளாதவர் தலையைச் சரித்துக் கேட்பதுபோலக் கொஞ்சம் சரிந்து நின்றது. சொன்னேன்.

"நீர் சரிஞ்சு நிண்டு பாக்கிறீர்" என்றார்.

பவளக்கா குசினிக் கதிரையில் வந்து இருந்தார். "நான் காதைப் பொத்தமாட்டன். சுடுங்கோ" என்றார். அவருடைய கையை நான் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்திருந்தது.

அண்ணை பின்வளவுக்குப் போய்ச் சுட்டார். உண்மையாகவே சத்தம் இல்லை. தூசியை ஊதிவிட்டதுபோல ஒரு 'ஃபூ'. அதற்குப் பின்னால் படாரென்று ஏதோ உடைந்தது.

அண்ணை ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பவளம், துவக்குச் சத்தம் கேட்டதோ?"

"இல்லை" என்றார் பவளக்கா. "என்ன உடைஞ்சது?"

சிரிப்பு போய்விட்டது. மூன்று பேரும் பின்வளவுக்கு ஓடினோம். குண்டு சரிந்த சைலன்சரில் உரசி, பெட்டிக்கு ஆறடி தள்ளி, கறிவேப்பிலைச் சாடியில் பட்டிருந்தது. பாரிசிலிருந்து பஸ்சில் பவளக்கா மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. பனிக்காலம் முழுக்கப் பொய்லருக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தது. சாடி இரண்டாகக் கிடந்தது. தண்டு பாதி பிளந்து தொங்கியது.

பவளக்கா குனிந்து தண்டை நிமிர்த்திப் பிடித்தார். நான் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போகிற ரெயிலை நினைத்துக்கொண்டேன்.

"உந்த டேப்பைக் கொண்டு வாங்கோ" என்றார்.

அண்ணை மண்ணில் முழங்காலிட்டு ஏழு சுற்றுச் சுற்றினார். அந்தக் கன்று அடுத்த கோடையில் துளிர்த்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு அண்ணை எழுந்து, சைலன்சரைக் கழற்றப் பார்த்தார். அவர் இறுக்கிய இறுக்குக்கு அது வருமா? அப்படியே உறையில் போட்டுத் தோளில் மாட்டினார்.

"நீர் ஒரு இடமும் போக வேண்டாம், பவளம். இது போகட்டும். கிளப் அலுமாரியிலை கிடக்கட்டும்."

பவளக்கா வாசலுக்குப் போய், கோட்டுகளை விலக்கி, உடுப்புகளைத் திரும்ப எடுக்கப் பையைத் திறக்கக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். பையின் ஜிப்பைச் சுற்றி, கைப்பிடியைச் சுற்றி, அடியால் கொண்டுவந்து மறுபடியும் மேலே, ஒரு முழுச் சுருள் வெள்ளை டேப்.

"இதை எப்ப சுத்தினீங்கள்?"

"நீர் ஃபாரஸ்ட் கேட் எண்டு சொன்ன அண்டைக்கு" என்றார் அண்ணை. "ஒழுக முந்தி."

ஒரு விரலால் இழுத்தால் அறுந்துவிடுகிற டேப். அது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? கத்திரிக்கோல் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். பவளக்கா வேண்டாம் என்றார். நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, அறுக்காமல், ஒவ்வொரு சுற்றாகக் கழற்றத் தொடங்கினார். அண்ணை துவக்கை இறக்கி வைத்துவிட்டு எதிரே இருந்து மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தேநீர் போடுகிற சாட்டில் நான் குசினிக்குள் போனேன். கேத்தலின் பிடியிலும் ஏழு சுற்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கொஞ்ச நேரம் அழுதேன்.