நாட் ஆஃப் வகுப்பில் பக்தவத்சலனார் பொருத போர்

கோப்புக் குன்றுகளைக் கையொப்பக் கணைகளால் பிளந்த வில்லாளன், கார் நிக்கோபார் மாற்றல் உத்தரவு கண்டும் கலங்காத மலைமார்பன், கராச்சர்மா ஊரின் கண்மணி, எழுத்தர்குலத் திலகம் பக்தவத்சலனார் வாழ்க! அலைசூழ் தீவுகளே, ஆரவாரம் அடக்கிக் கேளுங்கள்! ஒரு பிற்பகலில் அவர் தூக்கத்தோடு பொருத கதை இது.

போர்க்களம், அலுவலகம் நடத்திய ஆங்கிலப் பயிற்சி வகுப்பு. வாயிலில் நின்று மேலாளர் சந்திரமோகன் முழங்கினார்: "தூங்குறவங்க அடுத்த வாரமும் கிளாஸுக்கு வரணும். லீவு கேன்சல், பக்கா!" அடுத்த வாரமோ கடல் கடந்து மெயின்லேண்ட் போகும் கப்பல்! மனைவி நீலாவதியின் தம்பிக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை வராவிட்டால் மாமனார் வீடு சும்மா விடுமா? தீவில் சூரியன் ஐந்து மணிக்கே உதிக்கும். கப்பல் டிக்கெட் வரிசை அதற்கும் முன்னே உதிக்கும். அன்று காலை அவ்வரிசையில் நின்று வென்ற களைப்போடுதான் நம் தலைவர் வகுப்புக்கு வந்திருந்தார். பாவம், மனிதர்.

உண்ட சூரைமீன் குழம்பு உள்ளிருந்து கலகம் செய்ய, மின்விசிறி சாமரம் வீச, சன்னல்வழிக் கடற்காற்று தாலாட்டுப் பாட, நித்திராதேவி நால்வகைச் சேனையோடு வந்து இமைக்கோட்டையை முற்றுகையிட்டாள். தலைவர் தொடையைக் கிள்ளினார். பெப்பர்மின்ட்டை வாய்க்குள் ஏவினார். செருப்புக்குள் கட்டைவிரலை முறுக்கினார். மீனுக்குக் காத்த கொக்குபோல் விழித்த கண் மூடாது வீற்றிருந்தார்.

அப்போதுதான் ஆசிரியை வைஜெயந்தி பலகையில் 'நாட் ஆஃப்' (nod off) என்று எழுதிப் பொருள் விரித்தார். பாய் போட்டுப் படுப்பதற்கு அச்சொல் ஆகாதாம். பஸ்ஸிலோ கூட்டத்திலோ உட்கார்ந்தபடியே, தன்னையறியாமல், தலை தொங்கிக் கண்ணயர்வதற்கே ஆகுமாம். பேச்சில் தாராளமாக வரலாம், கோப்பில் எழுதக் கூடாதாம். ஐயகோ! பகைவியின் பெயரையே மந்திரம்போல் மெல்ல மெல்ல ஓதினால் எந்தக் கோட்டைதான் தாங்கும்? திருமுடி சாய்ந்தது, சிலிர்த்து நிமிர்ந்தது, மீண்டும் சாய்ந்தது, பிறகு நிமிரவேயில்லை.

"யாராவது ஒரு உதாரணம் சொல்லுங்க," என்றார் ஆசிரியை.

விடையாக எழுந்தது ஒரு குறட்டை, சங்கநாதம்போல்! அவை அதிர்ந்தது.

"அரே வாஹ்! யாரும் எழுப்பாதீங்க, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!" என்று ஆசிரியை ஆணையிட, எழுத்தர் படை மேசை தட்டி ஆர்ப்பரிக்க, திசையெட்டும் நகையொலி பரக்க, அவ்வொலி கேட்டு மேலாளர் சந்திரமோகன் வாயிலில் வந்து நிற்க, வீழ்ந்தும் முகத்தில் புன்னகை வாடாத நம் வீரர் கனவில் கல்யாணப் பந்தியில் அமர்ந்து பாயசம் பருகிக்கொண்டிருந்தார்.

நீலாவதி தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.