மூணு மணிக்கு முடியை இழுக்குது

"ஏழு மணி நேரம்! முழுசா ஏழு மணி—"

"ஆறே முக்கால். நீயே நல்லா பாரு, அதுல ஆறே—"

"ஆறே முக்கால்னா பெருமையா? டிராயருக்குள்ள! மாத்துச் சட்டைக்குக் கீழே!"

"மாவு பிசையற கைம்மா இது. இதுல வாட்ச்சைக் கட்டிக்கிட்டு நான்—"

"என்கிட்ட பொய் சொல்லலாம். அந்த வாட்ச்கிட்ட சொல்ல முடியாது."

உண்மைதான். அந்த வாட்ச்சின் முதுகில் மிளகு அளவுக்கு ஒரு கண் இருந்தது. தோல்மேல் இருந்த நேரம் எவ்வளவு, இல்லாத நேரம் எவ்வளவு என்று குறித்துவைத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

சண்டை பிடித்தவள் வாட்ச் ஸ்ட்ராப் தொழிற்சாலையில் கொக்கி வடிவமைப்பவள். ஸ்ட்ராப்பின் இரண்டு முனையையும் கவ்விப் பிடிக்கும் கொக்கிதான் பதினொரு வருஷமாக அவளுக்குச் சோறு போடுகிறது. அங்கே எல்லோரும் கொக்கியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் பேக்கரியில் மாவு பிசைபவர்.

"டைரக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா இல்லையா?" என்றாள் கொக்கியம்மா.

"இருக்கு."

"சொல்லுங்க பார்ப்போம்."

"வெளியிலேர்ந்து ரெடிமேட் கொக்கி வாங்கிடலாம், உங்க பிரிவே தேவையில்லைன்னார்."

"அப்புறம்?"

"பதினைஞ்சு நாள். கையால வேலை செய்யற ஆள் ஒருத்தர் உன் கொக்கி போட்ட வாட்ச்சை ராத்திரி பகலா கட்டியிருக்கணும். இறுக்கலை, நழுவலை, கடிக்கலைன்னு சொல்லணும். இல்லேன்னா நீ பேக்கிங்ல டேப் ஒட்டணும்."

"ஒட்டட்டுமா?"

அவர் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். டேப் ஒட்டப் போனவள் வீட்டுக்கு வந்து அவர் வாயிலும் ஒட்டிவிடுவாள் என்று பயந்தாரோ என்னவோ.

"முதல் நாள் வீணாப் போச்சு. இந்தாங்க." முழங்கை வரை வரும் மெல்லிய கையுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "வாட்ச்மேல இதை மாட்டிக்கிட்டுப் பிசைங்க. மாவும் படாது, வாட்ச்சும் இறங்காது."

"கடைக்காரம்மா ஒத்துக்கணுமே..."

"உங்களுக்குக் கடைக்காரம்மா முக்கியமா, நான் முக்கியமா?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த கணவன்தான் நிம்மதியாகத் தூங்குவான். அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "இனி இந்த வாட்ச் ஒரு நிமிஷம்கூடத் தோலை விட்டு இறங்காது. சத்தியம்."

"மணி வாரியா எப்படி இருக்குன்னு நோட்டுல எழுதணும்."

"எழுதறேன்."

எழுதினார். மறுநாள் சாயங்காலம் நோட்டைப் பிரித்தவளுக்குத் தலை சுற்றியது.

"பத்து மணி, இறுக்கம். பன்னிரண்டு மணி, தொளதொள. மூணு மணி, முடியை இழுக்குது. ஏங்க, என்ன இது?"

"உள்ளதை எழுதினேன்."

"பத்து மணிக்கு இறுக்கம், பன்னிரண்டுக்குத் தொளதொளவா? ரெண்டு மணி நேரத்துல கை இளைச்சுடுமா?"

"அடுப்புச் சூடு. கையுறை வேற. வீங்குது, அப்புறம் வடியுது."

"சரி, அது போகட்டும். முடியை இழுக்குதுன்னா எந்த முடியை? அடுப்புக்குள்ள கையை விட்டு விட்டு உங்க கையில ஒரு முடி மிச்சம் இல்லையே!"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை மாதிரி வழவழ என்று இருந்தது. "இருந்த ஒண்ணு ரெண்டையும்தான் அது இழுத்துடுச்சே" என்றார்.

கண்ணுக்குப் பிடிபடாத இரண்டு முடிக்காகக் கொக்கியம்மா அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். அவளுக்கு உடும்புப் பிடி. பிடித்ததை விட்டதாகச் சரித்திரம் இல்லை.

முதலில் பத்து மணி இறுக்கத்தைத் தீர்த்தாள். கொக்கியில் இரண்டு படி கூட்டித் தளர்த்திக் கொடுத்தாள்.

"பத்து மணி, சுகம்" என்று நோட்டு சொன்னது. அடுத்த வரி: "பன்னிரண்டு மணி, கழண்டு பன் தட்டில் விழுந்தது."

"பன் தட்டிலயா?"

"ஆமா. பெட்டியில அடுக்கி மூடியும் ஆச்சு. ஒரு பன் மட்டும் டிக் டிக்னு சத்தம் போட்டதால தப்பிச்சோம்."

"பன் அடுக்கறது உங்க வேலை இல்லையே?"

"கூடமாட ஒத்தாசை."

கழலாமல் இருக்க ஒரு சுருள்கம்பி வைத்தாள். அது முடியை இன்னும் ஆசையாகப் பிடித்து இழுத்தது. மூன்று மணி வரியில் 'ஐயோ' என்று மட்டும் எழுதியிருந்தது. எழுத்தே வேறு மாதிரி இருந்தது. வலியில் கை கோணியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுருள்கம்பிக்கு மேல் மூடி போட்டாள். முடி தப்பித்தது, ஆனால் கொக்கி தடித்துவிட்டது. "பத்து மணி, மேசையில இடிக்குது. பன்னிரண்டு மணி, திறக்கறப்ப நகம் உடைஞ்சுபோச்சு."

"நகமா? உங்க நகத்தைக் காட்டுங்க."

காட்டினார். சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது.

"இதுல எங்கே உடைஞ்சுது?"

"அதான், உடைஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கேனே. மிச்சம் எப்படி இருக்கும்?"

கொக்கிப் பிரிவில் அவளைத் தவிர இருந்தவர் ஒரே ஒருவர். வெட்டுவது, வளைப்பது, தேய்ப்பது எல்லாம் அவர். கையிலும் அரம், நாக்கிலும் அரம். அதனால் பெயரே அரம் அண்ணன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு இருக்கறது மனுஷக் கையா, மழைக்காலக் கதவா? ஒருநாள் உப்புது, ஒருநாள் சுருங்குது."

"வேலை செய்யற கை அப்படித்தான் இருக்கும் அண்ணே. இத்தனை வருஷமா நாம உட்கார்ந்த கைக்குக் கொக்கி பண்ணியிருக்கோம். அதான் தப்பு."

"நானும் முப்பது வருஷமா வேலை செய்யறேன். என் கை என்னிக்கும் ஒரே அளவுதான். எனக்கென்னமோ..."

"அந்த அரத்தைக் கையில மட்டும் வெச்சுக்குங்க அண்ணே."

ஆனாலும் அந்தச் சொல் அவளை உறுத்தியது. மறுநாள் உணவு இடைவேளையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கரிக்கே போய்விட்டாள்.

"வாங்கம்மா" என்றார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரம்மா. நல்ல கனத்த உடம்பு. இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "உள்ளே யாரையும் விடறதில்லை, தப்பா நினைக்காதீங்க. அவரை வரச் சொல்றேன்."

பத்து நிமிடம் கழித்துக் கணவர் வந்தார். மூச்சு வாங்கியது. கையுறையை உருவிக் கையை நீட்டினார். வாட்ச் இருந்தது. நாடாவைச் சுற்றினாள். பதினேழு சென்டிமீட்டர். காலையிலும் பதினேழு, நேற்று இரவும் பதினேழு.

"எங்கே வீக்கம்?"

"வெளிக்காத்து பட்டதும் வடிஞ்சுடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"உள்ளே வந்து பார்த்தா தெரியும். உள்ளே விடமாட்டாங்க, என்ன பண்றது?"

அவர் முகத்தில் பச்சைக் குழந்தையின் கள்ளமின்மை. கட்டிய கணவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஒரு பை நிறைய பன் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அந்தப் பைதான் அவளைக் காப்பாற்றியது.

காகிதப் பை. பக்கவாட்டில் விசிறி மாதிரி மடிப்பு. காலியாக இருந்தால் தட்டை. ஆறு பன் போட்டால் ஆறுக்கு விரிந்தது. அரம் அண்ணன் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள, நாலுக்குச் சுருங்கியது. கொக்கியம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, இன்னும் ஒண்ணு எடுங்க."

"போதும்மா."

"எடுங்கன்னா எடுங்க!"

ஆறு பன்னையும் அவர்தான் தின்று தீர்த்தார். அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காகிதம் போல மெல்லிய எஃகுத் தகட்டை அலை அலையாக மடிக்க வேண்டும். கை பருத்தால் அலை விரியும், மெலிந்தால் கூடும். முடி சிக்காமல் உள்ளே மெத்தென்று ஒரு துணி நாக்கு. நகம் வேண்டாம், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் திறக்கும். கேட்க எளிது. அரம் அண்ணன் பதினான்கு தகட்டை முறித்தார். பதினைந்தாவது நின்றது.

பன்னிரண்டாம் நாள் அதைக் கணவர் கையில் மாட்டினாள். நோட்டு சொன்னது:

"பத்து மணி, தெரியலை. பன்னிரண்டு மணி, தெரியலை. மூணு மணி, கட்டியிருக்கறதே தெரியலை."

பதின்மூன்றாம் நாளும் தெரியவில்லை. பதினான்காம் நாளும் அப்படியே. கொக்கியம்மா சமையலறையில் நின்று அந்த நோட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். காதல் கடிதத்தைக்கூட அவள் இப்படி அணைத்ததில்லை. அவர் எழுதினதும் இல்லை.

பதினைந்தாம் நாள் மதியம் இரண்டரைக்குத் தொழிற்சாலையில் கூட்டம். டைரக்டர் ஒருபுறம். எதிரே ஒரு பெரிய அம்மாள், இருபது வாட்ச் கடைகளுக்குச் சொந்தக்காரர். அவர் தலையசைத்தால் கொக்கிப் பிரிவு பிழைக்கும். சுவரோரம் அரம் அண்ணன். நாற்காலி நுனியில் கணவர், கையில் வாட்ச்சோடு.

கொக்கியம்மா சுவரில் வரைபடத்தை ஒட்டினாள். கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது.

"வேலை செய்யற கை ஒரே நாள்ல மூணு தடவை மாறுதுங்க. இதை இதுவரைக்கும் யாரும் கவனிக்கலை."

பெரியம்மாள் கொக்கியை வாங்கித் திறந்தார், மூடினார், இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு. எத்தனை கையில போட்டுப் பார்த்தீங்க?"

"இவர் கையில. பதினைஞ்சு நாள்."

"ஒரே கையா?"

"ஒரே கைதான். ஆனா மாறுது."

"எங்கே, நாடாவைக் கொடுங்க." பெரியம்மாளே கணவரின் மணிக்கட்டை அளந்தார். "பதினேழு."

"சூடு பட்டா வீங்கும்" என்றார் கணவர் ஈனஸ்வரத்தில்.

டீ கிளாஸைக் கையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். தோல் சிவந்தது. பதினேழு. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினார்கள். கண்ணில் நீர் வந்தது. பதினேழு. அரம் அண்ணன் விட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பெரியம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் கடைக்குப் பருத்த கை வரும், குச்சிக் கை வரும், கரடிக் கை வரும். ஒரு ஆளை வெச்சு, அதுவும் மாறாத கையை வெச்சு, நான் எதை நம்பறது? பத்துக் கையாவது பார்த்திருக்க வேண்டாமா?"

"ஒருத்தர் போதும்னு சொன்னாங்க..." என்று கொக்கியம்மா டைரக்டரைப் பார்த்தாள்.

டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். "பேக்கிங்ல ரெண்டு இடம் காலியா இருக்கு" என்றார்.

கொக்கியம்மா வாட்ச்சை வாங்கிக் கணவர் கையில் திரும்பக் கட்டினாள். "இன்னும் ஒரு பதினைஞ்சு நாள் கொடுங்க. வீடு வீடா ஏறி நூறு கையில கட்டிட்டு வர்றேன். டேப் மட்டும் ஒட்டமாட்டேன்."

"நேரமில்லைம்மா" என்று பெரியம்மாள் எழுந்தார்.

கதவு திறந்தது. கூட்டத்துக்கென்று சொல்லிவைத்திருந்த பன் வந்தது. தூக்கி வந்தவர் பேக்கரியின் டெலிவரிக்காரர். தட்டை மேசைமேல் வைத்த அந்த முன்னங்கையைக் கொக்கியம்மா பார்த்தாள். அது கையா கம்பளியா என்று சொல்ல முடியாதபடி கருகருவென்று முடி.

அவர் ஒருவரையும் கவனிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நேராகக் கணவரிடம் போய் அந்தக் கையை நீட்டினார்.

"அண்ணே, மூணு மணிக்கு என் முறை, கழட்டுங்க, முடியைப் பிடுங்கினப்பல்லாம் கட்டிக்கச் சொல்லிக் கடையில ஒன்பது பேர்கிட்டயும் கெஞ்சினீங்க, இப்ப சுகமா இருக்குன்னதும் நீங்களே வெச்சுக்கிட்டா எப்படி?"