இரட்டைக் கால்வாய்ச் சந்திரம்மா

தாடை எலும்பு இல்லாத மனிதர் உலகில் இல்லை. ஆனால் அந்த எலும்பைக் கொண்டு பல் மருத்துவ உலகத்துக்குத் தொண்டாற்றும் பேறு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. 2006-ஆம் ஆண்டு அது சந்திரம்மாவுக்குக் கிட்டியது. அவர் அதற்கு விண்ணப்பிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சந்திரம்மா கூடுவாஞ்சேரிக்காரர். பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதிச் சமையற்கூடத்தில் தினமும் அறுநூறு இட்லி அவிப்பது அவர் வேலை. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஒரு வாரம் கிராம்பு வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பிடுங்கிவிடுங்கள் என்பதே அவருடைய ஒரே கோரிக்கை.

பயிற்சி மருத்துவர் வரலட்சுமி, மரத்துப்போக ஊசி போட்டார். உதடு மரத்தது, நாக்கு மரத்தது, பல் மட்டும் மரக்கவில்லை. குறடு பட்டதும் சந்திரம்மா வரலட்சுமியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஊசிக்கும் அதே பிடி. மூன்றாவதுக்கும். பாடப்புத்தகத்தின்படி இனி வலிக்கக் கூடாது. ஆகவே வலிக்கவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. 'மனப்பயம்' என்று எழுதி, தைரியத்தோடு திரும்பி வரச் சொன்னார்கள்.

"தெனம் கொதிக்கிற அண்டாவ தூக்கினு கீறேன், எனக்கா தைரியம் இல்ல?" என்றார் சந்திரம்மா. அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடம் இல்லை.

மூன்று முறை இப்படியே போய் வந்தார். மூன்றாம் முறை பேருந்தில் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது: நிஜமாகவே வலிக்கிறதா, நாமாக நினைத்துக்கொள்கிறோமா? பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நிஜம்தான்.

அந்த வாரம் கல்லூரியில் ஒரு புதிய எக்ஸ்ரே இயந்திரம் திறப்பு விழா கண்டது. முகத்தை ஒரு சுற்று சுற்றி, இரு தாடைகளையும் ஒரே படத்தில் பிடித்துவிடும். ரிப்பன் வெட்டியாயிற்று, ஒரு தாடை தேவைப்பட்டது. நான்காவது முறையாக வந்து நின்ற சந்திரம்மாவை அழைத்துப்போய்ப் படம் எடுத்தார்கள்.

கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுவதற்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு கால்வாய் இருப்பதே வழக்கம். சந்திரம்மாவுக்கு இடது பக்கத்தில் அது இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஊசி ஒரு கிளையைத் தூங்கவைத்திருக்கிறது. மற்றொரு கிளை கண்விழித்துக் கடமையாற்றியிருக்கிறது.

துறைத் தலைவர் டாக்டர் ஆராவமுதன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கினார். சந்திரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு தாடையைப் பார்த்ததில்லை என்றார்.

"அப்ப நா சொன்னது பொய் இல்லியே சார்?"

"பொய்யே இல்லம்மா. எத்தனை ஊசி அதே எடத்துல போட்டாலும் உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும்."

"அப்ப வேற எடத்துல போட்டு புடுங்கிடுங்க."

ஆராவமுதனுக்கு அந்த யோசனை அநாகரிகமாகப் பட்டது. மூன்று வாரத்தில் மாமல்லபுரத்தில் மாநாடு. அதுவரை அந்தப் பல்லை யாரும் தொடக் கூடாது என்று துறை முழுவதற்கும் சுற்றறிக்கை போனது. சந்திரம்மாவுக்கு இரண்டு அட்டை வலி மாத்திரையும் 'அரிய நோயாளி' என்ற அந்தஸ்தும் வழங்கப்பட்டன. மாத்திரை ஒன்பது நாளில் தீர்ந்தது. அந்தஸ்து தீரவில்லை.

மாநாடு கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்தது. திரையில் ஆள் உயரத்துக்குத் தாடை. ஆராவமுதன் நாற்பது நிமிடம் பேசினார். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் மருத்துவர் நம்ப வேண்டும் என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் வரிசையில் சந்திரம்மா கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மதிய உணவில் வறுத்த இறால் இருந்தது. அவர் தயிர்சாதத்தை வலது பக்கமாக ஒதுக்கி விழுங்கினார். இருநூறு பல் மருத்துவர்கள் வரிசையாக வந்து நலம் விசாரித்தார்கள். கால்வாயின் நலத்தை.

அடுத்த மாநாடு ஐதராபாத்தில் என்றும், அங்கே ஊசி போட்டு, குறட்டால் பல்லை அசைத்து, வலிப்பதை மேடையிலேயே செய்முறையாகக் காட்டப்போவதாகவும் ஆராவமுதன் அறிவித்தார். சந்திரம்மாவுக்கு 'ஐதராபாத்' என்பது மட்டும் புரிந்தது. பின் வரிசையிலிருந்த வரலட்சுமிக்கு மீதியும் புரிந்தது.

திங்கட்கிழமை காலை வரலட்சுமி சந்திரம்மாவை வரவழைத்தார். தான் எழுதிய 'மனப்பயம்' தப்பு என்று முதலில் சொன்னார். வழக்கமான இடத்தில் ஓர் ஊசி, பல்லுக்குப் பின்னால் இன்னோர் ஊசி. பத்து நிமிடம் காத்திருந்து, பல்லில் குறடு வைத்தார். சந்திரம்மாவின் கை பழக்கத்தில் மேலே வந்து, செய்ய வேலை இல்லாமல் மடிக்குத் திரும்பியது. பல் தட்டில் விழுந்தது.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுச் சந்திரம்மா அழுதார். ஆறு வாரத்தில் அதுதான் அவருடைய முதல் அழுகை.

விசாரணைக் குழு கூடியது. கால்வாய் அப்படியேதான் இருக்கிறது, போனது சொத்தைப் பல் மட்டும்தான் என்றார் வரலட்சுமி. மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள்; உண்மைதான். சாட்சியாக வந்திருந்த சந்திரம்மாவிடம் ஆராவமுதன் கடைசி நம்பிக்கையோடு, லேசாகவாவது வலிக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல சார். நல்லா துன்றேன், நல்லா தூங்குறேன்."

குழு தன் தீர்ப்பை எழுத்தில் தந்தது: 'பயிற்சி மருத்துவரின் பொறுப்பற்ற செயலால் நோயாளி முற்றிலும் குணமடைந்துவிட்டார். துறைக்கு ஏற்பட்ட இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது. இத்தகைய அசம்பாவிதம் இம்மருத்துவமனையில் இனி ஒருபோதும் நிகழாது என்று குழு உறுதியளிக்கிறது.'